கட்டணமே இல்லாத வெல்டிங் பயிற்சிக்கு நம் பிள்ளைகள் ஏன் போக முடியவில்லை?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானால் எங்கள் ஊர்களில் இரண்டு வகையான செய்திகள்தான் வரும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் முகநூலை நிரப்பும். பாடசாலைகளின் சித்தி வீதம் பற்றிப் பெருமையோ விமர்சனமோ எழுதப்படும். கணிதத்தில் சித்தியடையாமல், உயர்தர வகுப்புக்குப் போக முடியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. "ஏதாவது தொழிலைப் படிக்கட்டும்" என்ற ஒரு வரியோடு அவர்களின் கதையை முடித்துவிடுகிறோம். இருபது வருடங்களுக்கு மேலாகக் கிழக்கின் கரையோரப் பாடசாலைகளில் படிப்பிக்கும் நானும் அந்த வரியைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தத் தொழிலைப் படிக்க எவ்வளவு செலவாகும், அதை யார் கொடுப்பது என்று அண்மைக்காலம் வரை நான் கணக்குப் பார்த்ததில்லை.

கடந்த முறை பெறுபேறு வந்து மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பின்னர், மாணவன் ஒருவன் தன் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாப்பா மௌத்தாகி நான்கு வருடங்கள். பரீட்சை எழுதிய நாள் முதல் புளொக் கல் அறுக்கும் இடமொன்றில் நாளுக்கு 1,500 ரூபாவுக்கு வேலை செய்கிறான். அவன் கையில் கொழும்பிலுள்ள தனியார் பயிற்சி நிறுவனமொன்றின் துண்டுப்பிரசுரம் இருந்தது. மூன்று மாத வெல்டிங் பயிற்சி, கட்டணம் 145,000 ரூபா, வெளிநாட்டு வேலைக்கு உத்தரவாதம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அவனது உம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சோடித் தோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"சேர், இத பேங்கில வெச்சா எவ்வளவு தருவாங்க?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சுமார் எட்டு வருடங்களுக்கு முன்னர் இதே போல ஒரு மாணவன் வந்தான். அவன் கொண்டு வந்த பிரசுரத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நல்லது மகன், போங்க" என்று சொன்னேன். பரிந்துரைக் கடிதமும் எழதிக் கொடுத்தேன். குடும்பம் கடன்பட்டுப் பணம் கட்டியது. பயிற்சி முடிந்து கிடைத்த சான்றிதழை வெளிநாட்டு முகவர் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். அது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் அல்ல. அழகாக அச்சிட்ட ஒரு தாள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வட்டியோடு கடனைக் கட்டி முடிக்க இரண்டு வருடங்களுக்கு மேல் எடுத்தது. என்னை வீதியில் கண்டால் இன்றும் ஸலாம் சொல்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே இம்முறை தோட்டை முடிந்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் விசாரித்து அறிந்தவற்றைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது சான்றிதழை

இலங்கையில் தொழிற்பயிற்சி வழங்கும் தனியார் நிறுவனம் எதுவும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் நிறுவனம் பதிவு செய்திருப்பது மட்டும் போதாது. நாம் சேரப்போகும் அந்தப் பாடநெறி தனியாகத் தரச்சான்று பெற்றதா, முடிவில் என்.வி.கியூ. என்று நாம் அழைக்கும் தேசிய தொழில் தகைமை கிடைக்குமா, எத்தனையாம் மட்டம் என்று கேட்க வேண்டும். "நாங்க கவர்ன்மென்ட் ரெஜிஸ்டர்ட்" என்ற பதிலில் பல பெற்றோர் திருப்தியடைந்து விடுகிறார்கள். எட்டு வருடங்களுக்கு முன்னர் நானும் அப்படித்தான் திருப்தியடைந்தேன்.

இந்தத் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. மூன்றும் நான்கும் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழு பட்டத்துக்குச் சமமானது. அந்தப் பட்டத்தை வழங்குவதற்கென்றே 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் உருவாக்கப்பட்டது. அதாவது, இரும்பு ஒட்டப் போகும் பிள்ளையின் படிப்பு அந்தப் பட்டறையோடு முடிந்துவிடும் என்று நாம் நினைப்பது தவறு. பாதை நீளமானது. நுழைவாயிலில் சரியான தாளைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை.

அடுத்தது, இதே பயிற்சியை அரசு எங்கே வழங்குகிறது என்ற கேள்வி. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் கீழுள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள், நைட்டா என்று அறியப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஆகியன முக்கியமானவை. எங்கள் மாவட்டத்தில் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. இந்நிறுவனங்களின் பல முழுநேரப் பாடநெறிகளுக்குக் கட்டணமே இல்லை. சிலவற்றுக்குச் சிறிய தொகை. சிலவற்றில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. எந்தப் பாடநெறி எங்கே, எப்போது தொடங்குகிறது என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அவரது மேசைக்கு நம் பெற்றோர் போவது அரிது. நானும் இம்முறைதான் முதன்முதலாகப் போனேன்.

இவ்வளவையும் அறிந்துகொண்டபோது பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். கட்டணமில்லாத பயிற்சி, செல்லுபடியாகும் சான்றிதழ், பஸ்ஸில் போய்வரும் தூரம். இனி என்ன?

அவனது உம்மா ஒரே வசனத்தில் என்னைத் தரைக்கு இறக்கினார். "காசில்லாமப் படிக்கலாம்தான் சேர், ஆனா ஆறு மாசம் வீட்டுல அடுப்பு எப்பிடி எரியிற?"

ஒரு தாளில் போட்ட கணக்கு

அன்றிரவு மூவரும் அமர்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஆறு மாதப் பயிற்சி. மாதம் 22 நாட்கள். பஸ்ஸுக்குப் போகவர 160 ரூபாப்படி மாதம் 3,520. ஆறு மாதத்துக்கு 21,120. பாதுகாப்புச் சப்பாத்து, வெல்டிங் முகக்கவசம், தோல் கையுறை, மேலங்கி என்று சொந்தமாக வைத்திருக்க வேண்டியவற்றுக்கு 15,000. பகல் சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவான். இதுவரைக்கும் பெரிய தொகையாகத் தெரியவில்லை.

கடைசி வரியில்தான் கணக்கு உடைந்தது. அவன் இப்போது கொண்டுவரும் நாட்கூலி 1,500. அதே 22 நாட்களுக்கு மாதம் 33,000. ஆறு மாதத்துக்கு 198,000. எல்லாவற்றையும் கூட்டினால் 234,120 ரூபா. கட்டணமில்லாத பயிற்சியின் உண்மையான விலை இது. அந்தத் தனியார் நிறுவனம் கேட்ட 145,000 ரூபாவையும் தாண்டிவிட்டது.

நம் பிள்ளைகள் அரச நிலையங்களை விட்டுவிட்டு மூன்று மாதப் பிரசுரங்களின் பின்னால் ஏன் போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் ஏமாளிகள் அல்ல. நீண்ட காலம் உழைக்காமல் இருக்க அவர்களால் முடியாது. தோட்டை வைத்தால் ஒரேயடியாகப் பணம் கிடைக்கும்; ஆறு மாதச் சோற்றை எந்த வங்கியில் வைத்து வாங்குவது?

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு இதே கேள்வி எழும்போது அரசிடம் ஒரு பதில் இருக்கிறது. மஹபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. அரச பல்கலைக்கழகம் கிடைக்காத, உயர்தரத்தில் சித்தியடைந்த பிள்ளைக்கு அரசு சாரா நிறுவனங்களில் பட்டப்படிப்பைத் தொடர வட்டியில்லாக் கடன் திட்டம் 2017 முதல் இருந்து வருகிறது. அவை தேவையானவை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வட்டியில்லாக் கடன் பட்டப்படிப்புக்கானது. சாதாரண தரத்தோடு நின்று வெல்டிங் படிக்கப் போகும் அநாதைப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. பெறுபேறு எதுவாக இருந்தாலும் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்க வழிசெய்த 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டமும் 2017இல் தொடங்கியதுதான். அது இடத்தைக் கொடுத்தது. வீட்டில் அடுப்பெரிக்க அது வழி செய்யவில்லை.

தொழிற்பயிற்சி பற்றி மேடைகளில் பேசும் எங்கள் பிராந்திய அரசியல்வாதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது. புதிய கட்டடம் கேட்பதை விட, இருக்கும் பயிற்சி நிலையங்களில் சேரும் வறிய பிள்ளைக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான கொடுப்பனவையும், பட்டதாரி மாணவனுக்குக் கிடைப்பது போன்ற வட்டியில்லாக் கடனையும் கேட்க வேண்டும்.

ஸகாத் பணத்தால் முடியுமா?

அரசு அதைச் செய்யும் வரை பிள்ளை காத்திருக்க முடியாது. ஆகவே நான் பள்ளிவாசலின் ஸகாத் குழுவிடம் போனேன். அங்கிருந்த மூத்த ஹாஜியார் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"சேர், ஸகாத் காசி ஏழைட வயித்துக்கு. கையும் காலும் நல்லா இருக்கிற புள்ளைக்கு எப்பிடிக் குடுக்கிற?"

அவர் சொன்னதில் மார்க்க ஆதாரம் இருக்கிறது. உழைக்கச் சக்தியுள்ளவருக்கு ஸகாத்தில் பங்கில்லை என்ற கருத்தில் ஹதீஸ் இருப்பதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். நான் ஆலிம் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற சாதாரண ஆசிரியன். எனவே எங்கள் ஊர் மௌலவி ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் போனேன். அவர் இரண்டு விடயங்களை எடுத்துச் சொன்னார்.

முதலாவது, நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாமான நவவி அவர்கள் 'அல் மஜ்மூஉ' நூலில் தொழில் தெரிந்த ஏழை பற்றிப் பேசுகிறார்கள். அவனது தொழிலுக்கு வேண்டிய கருவிகளை வாங்கும் அளவுக்கு, அவற்றின் விலை குறைவோ கூடவோ, ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்பது அங்குள்ள கருத்து. இரண்டாவது, அபூதாவூதில் பதிவான அந்த அன்ஸாரித் தோழரின் சம்பவம். யாசகம் கேட்டு வந்தவரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் ஒரு குவளையும் இருந்தன. அவற்றை இரண்டு திர்ஹங்களுக்கு விற்றுக் கொடுத்தார்கள். கோடரி வாங்கச் செய்து, அதற்குத் தம் கையாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, பதினைந்து நாட்கள் விறகு வெட்டி விற்கும்படி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹங்களோடு திரும்பி வந்தார்.

இச்சம்பவத்தைக் குத்பாக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உழைப்பின் சிறப்புக்கு உதாரணமாகவே அதைச் சொல்வார்கள். அன்று மௌலவி வேறொரு இடத்தில் விரலை வைத்தார். இரண்டு திர்ஹங்களும் கோடரிக்குப் போகவில்லை. ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கிக் குடும்பத்திடம் கொடுக்கச் சொன்னார்கள்; மற்றத் திர்ஹத்துக்குத்தான் கோடரி. வீட்டில் சோறு இருந்தால்தான் மனிதன் பதினைந்து நாட்கள் காட்டில் நிற்க முடியும்.

எங்கள் தாளில் இருந்த கணக்கும் அதுதான். பிள்ளைக்குக் கருவி, வீட்டுக்குச் சோறு.

அதன் பின்னர் வழி இலகுவாகப் பிரிந்தது. கணவனை இழந்த அந்தத் தாய் எந்தச் சர்ச்சையுமின்றி ஸகாத் பெறத் தகுதியானவர். எனவே வீட்டுச் செலவுக்கான தொகை மகனின் பெயரில் அல்லாமல் அவரின் பெயரில் வழங்கப்பட்டது. முழு 33,000 தேவையில்லை, மாதம் 15,000 இருந்தால் சமாளிக்கலாம் என்று அவரே சொன்னார். ஆறு மாதத்துக்கு 90,000. கருவிகளுக்கான 15,000 ரூபாவையும் குழு ஏற்றுக்கொண்டது. பஸ் செலவான 21,120 ரூபாவை ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் ஸதகாவாகப் பொறுப்பெடுத்தோம். மொத்தம் 126,120 ரூபா. தனியார் நிறுவனம் கேட்ட கட்டணத்தை விட இது குறைவு. வட்டி இல்லை. தோடும் அவரது காதிலேயே இருக்கிறது.

வேறு வழிகள்

எல்லாப் பிள்ளைக்கும் ஸகாத் பொருந்தாது. ஆசிரியர், சிறு வியாபாரி, மீனவர் வீடுகளில் ஸகாத் பெறும் அளவுக்கு வறுமை இருக்காது. ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் வசதியும் இருக்காது. இவர்களுக்குக் கர்ழ் ஹஸனா பொருத்தமானது. ஒரு பிள்ளைக்கு 125,000 கொடுத்து, வேலை கிடைத்த பின் மாதம் 5,000 வீதம் திருப்பிப் பெற்றால் இருபத்தைந்து மாதங்களில் அதே பணம் அடுத்த பிள்ளைக்குத் தயாராகிவிடும். கடனை எழுதி வைக்கும்படி குர்ஆன் கட்டளையிட்டிருக்கிறது. எழுத்தும் சாட்சியும் இல்லாமல் "நம்ம புள்ளதானே" என்று கொடுத்து, பிறகு மனக்கசப்போடு மூடப்பட்ட நிதியங்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

உழைத்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்குப் பயிலுனர் முறை இருக்கிறது. நைட்டா ஊடாக ஒரு நிறுவனத்திலோ பட்டறையிலோ பயிலுனராக இணைந்து, அங்கேயே வேலை பழகிப் பரீட்சைக்குத் தோற்றலாம். எங்கள் பிரதான வீதியின் இருமருங்கிலும் கேற், கிறில், கூரைச் சட்டம் செய்யும் வெல்டிங் கடைகள் இருக்கின்றன. அவற்றின் முதலாளிமார் பெரும்பாலும் நம்மவர்கள். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை முறைப்படி பயிலுனராகப் பதிந்து ஒரு சிறு கொடுப்பனவும் கொடுத்தால், அது கடை வாசலில் கொடுக்கும் சில்லறையை விடப் பெரிய உதவி.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை உள்ளது. பல வருடங்கள் பட்டறையில் நின்று தொழில் பழகியவர், மீண்டும் வகுப்பில் உட்காராமல், தன் திறமையை மதிப்பீட்டாளர் முன் காட்டித் தேசிய தொழில் தகைமையைப் பெறலாம். எட்டு வருடங்களுக்கு முன்னர் நான் தவறாக அனுப்பிய அந்த மாணவன் இப்போது ஒரு வெல்டிங் கடையில் முழுப் பாஸாக நிற்கிறான். இம்முறை நானே போய் இந்த வழியைச் சொன்னேன். விண்ணப்பம் போட்டிருக்கிறான். இழந்த பணத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. சரியான மேசையைக் காட்ட முடிந்தது.

நிதி கொடுப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தைகள். பணத்தை மொத்தமாகக் கையில் கொடுக்காமல், வரவைப் பார்த்து மாதாமாதம் கொடுங்கள். இடைநடுவில் விலகுவதை அது பெருமளவு தடுக்கும். மற்றது, அந்தப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். ஒன்பது ஏ எடுத்தவனின் படத்துக்குப் பக்கத்தில் உதவி பெறுபவனாகத் தன் படத்தைப் பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளை மறுநாள் பயிற்சிக்குப் போவானா?

இப்போது என்ன நிலை?

அந்த மாணவன் இப்போது மூன்றாவது மாதத்தில் இருக்கிறான். எல்லாம் சீராகப் போகிறது என்று சொல்லமாட்டேன். இரண்டாவது மாதத்தில் தங்கைக்குச் சுகமில்லாமல் போனபோது ஒரு வாரம் பயிற்சியை விட்டுவிட்டுக் கல்லறுக்கப் போய்விட்டான். நானும் ஸகாத் குழுவின் ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்ப அனுப்பினோம். அந்த ஒரு வாரம் எனக்கு ஒன்றைச் சொல்லியது: நாங்கள் போட்ட கணக்கில் நோய்க்கு ஒரு வரி இருக்கவில்லை. அடுத்த பிள்ளைக்குக் கணக்குப் போடும்போது அதையும் சேர்ப்போம்.

அவன் நாளை வெளிநாடு போவானா, ஊரில் நெல் வெட்டும் மெஷின்களையும் உழவு இயந்திரங்களையும் திருத்தும் பட்டறை போடுவானா என்பது அவனது நஸீப். நம் பொறுப்பு அதற்கு முன்னர் முடிகிறது. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை இலகுவாக்கிக் கொடுத்ததாக அல்லாஹ் குர்ஆனில் சொல்கிறான். இரும்பு வேலை செய்பவனை இரண்டாம் தரமாகப் பார்க்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

அடுத்த பெறுபேறு வருவதற்கு முன்னர் ஒவ்வொரு ஊரிலும் பாடசாலை, பள்ளிவாசல், ஸகாத் குழு ஆகியன ஒருமுறை ஒன்றாக அமர வேண்டும். எத்தனை பிள்ளைகள் உயர்தரத்துக்குப் போக மாட்டார்கள் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பரீட்சைக்கு முன்பே ஓரளவு தெரியும். அவர்களில் எந்த வீட்டில் சோறு பிரச்சினை என்பதும் தெரியும். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பஸ், சப்பாத்து, அடுப்பு, நோய் என்று நான்கு வரிகள் போட்டுப் பாருங்கள். வருகிற தொகை நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்காது.

அந்தத் தாளை எழுதாமல் "ஏதாவது தொழிலைப் படிக்கட்டும்" என்று இனி எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லப் போவதில்லை.